மாங்கூழ் ஆலைத் தரைக்குப் பாலியூரித்தேன் கான்கிரீட்: மூன்று பருவங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரியை அடுத்த மாங்கூழ் ஆலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் கூழெடுப்புக் கூடத்தின் 2,400 சதுர அடிக்கு 6 மி.மீ. கனத்திலும், அதை ஒட்டிய சி.ஐ.பி. எனப்படும் இயந்திரக் கழுவல் பகுதியின் 450 சதுர அடிக்கு 9 மி.மீ. கனத்திலும், பிசினும் சிமெண்டும் சேர்ந்து இறுகும் பாலியூரித்தேன் கான்கிரீட் தரை போட்டோம். போட்ட புதிதில் எந்தத் தரையும் நன்றாகத்தான் இருக்கும் என்பதால், 2023, 2024, 2025 என மூன்று மாம்பழப் பருவங்கள் அதன் மேல் ஓடி முடிந்த பிறகே இதை எழுதுகிறேன். வேலையைச் செய்தது ஓசூரிலிருந்து வந்த ஒரு தரைப்பூச்சு நிறுவனம். அதன் பெயரை இங்கே தரவில்லை. பொருள் எப்படி நடந்துகொண்டது, வேலை எப்படி நடந்தது என்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

மாம்பழச் சாறு தரையை அரிக்குமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஆலைக்கு மே மாதம் தொடங்கிச் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாக வரும் பெங்களூரா மாம்பழத்தின் கூழில் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் இருக்கின்றன, அதன் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி நிற்கும். கான்கிரீட்டைப் பார்த்தால் கல்லைப் போலத் தெரிந்தாலும், அதைக் கட்டி வைத்திருக்கும் சிமெண்ட் 12-க்கு மேற்பட்ட பி.எச். உள்ள ஒரு காரப்பொருள். அமிலம் பட்டவுடன் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு உப்பாக மாறுகிறது. பிடிமானமற்ற அந்த உப்பை வெந்நீரும் தேய்ப்பானும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மறுநாள் வரும் அமிலத்துக்குப் புதிய முகம் திறந்து கிடக்கிறது. மூலையிலும் வடிகால் ஓரத்திலும் தேங்கிய கூழ் இரவோடு இரவாகப் புளித்துவிட்டால் அதில் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்துகொள்ளும். அசிட்டிக் அமிலத்தால் உண்டாகும் சுண்ணாம்பு உப்பு நீரில் எளிதாகக் கரைவதால், புளித்த கூழ் புதிய கூழைவிடத் தரைக்குக் கெடுதலானது.

இவற்றோடு, இயந்திரங்களைக் கழற்றாமலேயே குழாய்க்குள் மருந்துநீர் ஓட்டிக் கழுவும் சி.ஐ.பி. முறையில் 80 டிகிரிக்குச் சூடாக்கிய காஸ்டிக் கரைசலும், அதன் பின் நைட்ரிக் அமிலக் கரைசலும் ஒவ்வொரு நாளும் ஓடுகின்றன. காஸ்டிக் நாங்கள் பயன்படுத்தும் செறிவில் கான்கிரீட்டுக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. நைட்ரிக் அமிலம் செய்யும். இணைப்பு ஒன்று கசிந்தால், ஒரே பருவத்தில் அதற்கு நேர் கீழே கிண்ணம் போலக் குழி விழுந்துவிடும்.

நம் பக்கத்தில் கான்கிரீட்டுக்குப் போடுவது கருங்கல் ஜல்லி. அது அமிலத்துக்கு அசையாது. ஆகவே சிமெண்ட் மட்டும் கரைந்து இறங்க, ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அந்த ஜல்லிகளுக்கு இடையில் மாம்பழ நார் சிக்கி, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல், அங்கேயே புளித்து, அடியில் உள்ள சிமெண்டை இன்னும் தின்னும். உணவு ஆலையில் இது தரைக்கு வந்த கேடு மட்டுமன்று. ஏற்றுமதிக் கூழ் வாங்குபவர்களின் தணிக்கையாளர்கள் வந்தால் கூரையைப் பார்ப்பதற்கு முன்பே தரையைத்தான் பார்க்கிறார்கள்.

2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் கொட்டை நீக்கும் இயந்திரத்தின் அருகே ஒரு துண்டு கான்கிரீட்டை வெட்டி எடுத்து, உடைந்த பக்கத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் ரோஜா நிறமாகும் அதே கரைசல்தான். துண்டின் அடிப்பகுதி உடனே அடர்ந்த ரோஜா நிறமானது. மேலிருந்து 11 மி.மீ. ஆழம் வரை நிறமே வரவில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவாலும் கான்கிரீட் மேற்புறத்தின் காரத்தன்மை குறையும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கக் கூழ் சிந்தாத மறுமூலையிலும் ஒரு துண்டு எடுத்தேன். அங்கே நிறம் வராத பகுதி 3 மி.மீ. மட்டுமே. இரண்டு துண்டுகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் முதலாளி செலவுக்கு ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன் செய்து பார்த்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் பலரும் அந்தப் படிகளில் ஏதேனும் ஒன்றில்தான் இருப்பார்கள். முதலில் ஆண்டுதோறும் பருவம் முடிந்ததும் கொத்திவிட்டு, உயர்ந்த தரத்தில் சிமெண்ட் கான்கிரீட் போட்டோம். ஐ.எஸ். 456 என்னும் 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி 'எக்ஸ்ட்ரீம்' என்று அது குறிக்கும் உச்சக் கடுமையான சூழலில் இருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம் 40 என்னும் வலிமைத் தரமும் 0.40-க்கு மிகாத நீர்-சிமெண்ட் விகிதமும் கேட்கிறது. நாங்களும் அதையே போட்டோம். அடர்த்தியான கான்கிரீட்டில் அரிப்பு மெதுவாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் போர்ட்லண்ட் சிமெண்டால் ஆன எந்தக் கான்கிரீட்டும் அன்றாடம் கொட்டும் அமிலத்தை வெறுமேனியாக நின்று தாங்காது.

பிறகு கல் பதித்தோம். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரே பருவத்தில் அதன் மேற்பரப்பு வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. அடுத்த முறை கிரானைட். நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, கல்லும் அமிலத்துக்கு அஞ்சாதது. ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவே பூசியது வெறும் சிமெண்ட் சாந்து. அந்தச் சாந்து கரைந்து இடுக்கு வெறுமையானதும் கூழ்த்தண்ணீர் அடியில் இறங்கி, கல் ஆடத் தொடங்கி, ஒருநாள் ஒரு பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கியபோது அடியிலிருந்து வந்த புளித்த வாடையில் அருகில் நிற்க முடியவில்லை. எபாக்சி என்னும் பிசினால் ஆன சாந்து கொண்டு இடுக்குகளை அடைத்திருந்தால் அந்தத் தரை இன்றும் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். கல்லை நான் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாவது, 2 மி.மீ. எபாக்சி. போட்டபோது கண்ணாடி போல இருந்தது. இரண்டாம் மாதம் வெந்நீர்க் குழாய் திறக்கும் இடத்தில் கொப்புளம் எழுந்தது. மூன்றாம் மாதம் அது அப்பளம் போல உடைந்து பெயர்ந்தது. சாதாரண எபாக்சித் தரை 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். அதோடு, சூட்டில் அது விரியும் அளவு கான்கிரீட் விரியும் அளவைவிட மிக அதிகம். 80 டிகிரி நீர் கொட்டி, உடனே குளிர்ந்த நீர் கொட்டி, இப்படி நாளுக்கு நாலைந்து முறை நடந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிரிந்துதான் தீரும். அடித்தளத்தில் ஈரமும் இருந்தது. ஈரம் 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் எபாக்சி பூச வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பூசியவர்கள் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே எபாக்சி எங்கள் டின் அடுக்கும் கிடங்கில் இன்றும் கீறல் விழாமல் இருக்கிறது. உலர்ந்த இடம், சூடில்லாத இடம் என்றால் இப்போதும் அதையே போடச் சொல்வேன்.

பாலியூரித்தேன் கான்கிரீட் என்பது மேலே பூசும் வண்ணமன்று. நீரில் கலந்த பிசின் ஒன்று, அதை இறுக்கும் ஐசோசயனேட் திரவம் ஒன்று, சிமெண்டும் சுண்ணாம்பும் சிலிக்கா மணலும் கலந்த தூள் மூட்டை ஒன்று என மூன்று பகுதிகளாக வரும். மூன்றையும் வாளியில் கலந்தால் பிசின் ஒரு பக்கம் இறுக, சிமெண்ட் அந்த நீரைக் குடித்துக்கொண்டு மறுபக்கம் இறுகுகிறது. ஐசோசயனேட்டும் நீரும் சேரும்போது எழும் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்வதால் தரையில் குமிழி எழுவது குறைகிறது. முடிவில் கிடைப்பது பிசினால் கட்டிய ஒரு சாந்து. வெப்பத்தில் அது விரியும் அளவு கான்கிரீட்டை ஒட்டியே இருக்கிறது என்பதும், ஓரளவு ஈரமான கான்கிரீட்டிலும் ஒட்டும் என்பதும் எங்களைப் போன்ற இடங்களுக்கு அதன் பெரிய பலன்கள். 6 மி.மீ. கனம் சுமார் 80 டிகிரிச் சூட்டையும், 9 மி.மீ. கனம் 120 டிகிரி வரையும் தாங்கும் என்பது உற்பத்தியாளர்களின் தாள்களில் பொதுவாகக் காணும் கணக்கு. சி.ஐ.பி. பகுதிக்கு நீராவி பீய்ச்சுவதால்தான் அங்கே 9 மி.மீ. கேட்டோம்.

இப்போது வேலைக்கு வருகிறேன். மொத்தம் பதினெட்டு நாள் வேலையில் தரை போட்டது மூன்று இரவுகள் மட்டுமே. மீதியெல்லாம் அடித்தளத்தைத் தயார்செய்த நாட்கள். இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது. போட்டி விலை கொடுத்த இன்னொருவர் ஐந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தள மேற்பார்வையாளர் வந்த முதல் நாளே குந்தி உட்கார்ந்து தரையை முகர்ந்து பார்த்தார். "ஈரத்தப் பத்திப் பெரிசா பயப்படாதீங்க சார், நம்ம பொருள் கொஞ்சம் ஈரத்தத் தாங்கும். உள்ள எறங்கியிருக்கிற சர்க்கரைதான் ஆபத்து" என்றார். அவர் சொன்னது எனக்குப் புதிய பாடம். ஆண்டாண்டாகக் கூழ் ஊறிய கான்கிரீட்டின் நுண்துளைகளில் சர்க்கரையும் அமிலமும் தங்கியிருக்கும். அதன் மேல் எதைப் போட்டாலும் அது கான்கிரீட்டில் ஒட்டாமல் அழுக்கில்தான் ஒட்டும். ஆகவே சூடான காரக் கரைசலால் இரண்டு முறை கழுவி, நீர் விட்டு அலசி, பி.எச். தாள் வைத்துப் பார்த்து, ஒரு வாரம் காயவிட்டார்கள். அதன் பிறகு மட்கிய மேற்புறத்தை முழுவதும் சுரண்டி எடுத்து, எஃகுக் குண்டுகளை வேகமாக எறியும் ஷாட் பிளாஸ்டிங் இயந்திரத்தை ஓட்டினார்கள். அந்த இயந்திரம் போன தடத்தில் கையை வைத்தால் அரம் போல இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். வெறும் கிரைண்டர் ஓட்டி வழவழப்பாக்கிய தரையில் 6 மி.மீ. சாந்துக்குப் பிடி கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டுவலிமைச் சோதனை. உள்ளங்கையளவுகூட இல்லாத எஃகு வட்டு ஒன்றைத் தயாரித்த தரையில் பசை போட்டு ஒட்டி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் காலை ஒரு கருவியால் நேர் மேலாக இழுக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் வரை தாங்கினால் அடித்தளம் தேறியது என்பது தொழிலில் வழக்கம். கூடத்தின் நடுவில் 1.9 காட்டியபோது வட்டோடு சேர்ந்து உடைந்த கான்கிரீட்டும் வந்தது. பசை விடவில்லை, கான்கிரீட்தான் அறுந்தது என்பதால் அது நல்ல முடிவு. கொட்டை நீக்கும் இயந்திரத்தின் அருகே 0.8-லேயே வட்டு கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்ந்தது. வெளியே உறுதியாகத் தெரிந்த அந்த இடத்தை ஏறத்தாழ 60 சதுர அடிக்கு இரண்டு அங்குல ஆழம் வெட்டி எடுத்துப் பிசின் சாந்தால் நிரப்பினார்கள். அந்தச் செலவு விலைப்பட்டியலில் இல்லாதது. கூடுதலாகத்தான் கொடுத்தோம், கொடுத்ததற்கு வருத்தமில்லை. சோதனை செய்யாமல் போட்டிருந்தால் முதல் பருவத்திலேயே அந்த இடம் பாய் சுருள்வது போலப் பெயர்ந்திருக்கும்.

தரை போட்டது இரவில். கலந்த சாந்தைப் பரப்பி இழுப்பதற்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடங்கள். நம் ஊர் வெயிலில் அதுவும் குறைந்துவிடும் என்பதால் இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியற்காலையில் நிறுத்தினார்கள். ஒருவர் கைக்கடிகாரம் பார்த்துக் கலக்க, இருவர் வாளி சுமக்க, இருவர் பரப்ப, ஒருவர் முள் உருளை ஓட்டிக் குமிழியை வெளியேற்ற, எதிரெதிராகப் பேச்சே இல்லாமல் நடந்த அந்த வேலையின் ஒழுங்கைப் பார்க்க எங்கள் இரவுக் காவலரும் வந்து நின்றுவிட்டார். ஒரு மூட்டையைப் பாதியாகப் பிரித்துக் கலக்க அவர்கள் ஒருமுறையும் ஒப்பவில்லை. விகிதம் மாறினால் அந்த இடம் இறுகாமல் மென்மையாகவே கிடக்கும் என்றார்கள். 24 மணி நேரத்தில் நடக்கலாம் என்றாலும் கழுவும் மருந்துநீர் ஊற்ற ஒரு வாரம் பொறுத்தோம்.

மூன்று பருவத்துக்குப் பிறகு நிலைமை இதுதான். கூடத்தின் நடுப்பகுதியில் அரிப்பு என்பதே இல்லை. கூழெடுக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் அடியில் நாள் முழுவதும் கூழ் சொட்டும் இடத்தில் நேர்கோட்டு எஃகுச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அடியில் ஒளி புகும் அளவுகூட இடைவெளி இல்லை. வெந்நீர்க் குழாய் அருகே கொப்புளம் எழவில்லை. பழைய தரையில் பருவம் முடிந்ததும் அடித்த புளித்த வாடை இந்த ஆண்டு இல்லை. அதை முதலில் கவனித்துச் சொன்னவர்கள் பழம் பிரிக்கும் பெண்கள்தான். "முன்னெல்லாம் காலை ஊனி நிக்கவே பயங்க. இப்ப கூடையோட நடக்கிறோம்" என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். மேற்பரப்பில் மணல் நெருடல் விட்டிருப்பதால் ஈரத்திலும் கால் வழுக்குவதில்லை. அதே நெருடலில் மாம்பழ நார் பிடித்துக்கொள்வதும் உண்மை. ரப்பர் தள்ளியால் மட்டும் தள்ளினால் போதாது, தூரிகை போட்டுத்தான் தேய்க்க வேண்டும், தூரிகைகளும் முன்பைவிடச் சீக்கிரம் தேய்கின்றன. வழுக்கி விழுந்து கை முறிந்த ஒருவரை நான் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறேன். தூரிகைச் செலவை நான் பொருட்படுத்தவில்லை.

குறைகள் மூன்று. முதலாவதும் பெரியதும் வடிகால் ஓரம். இரண்டாம் பருவத்தின் நடுவில், கொட்டை நீக்கும் இயந்திரத்தை அடுத்த வடிகாலின் எஃகுச் சட்டத்தை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குத் தரை தூக்கிக்கொண்டது. இந்த வகைத் தரை முடியும் ஒவ்வொரு விளிம்பிலும், அதாவது வடிகால், தூண், வாசல், சுவர் ஓரம் எங்கும் அதன் கனத்தைப் போல இருமடங்கு ஆழமும் அகலமும் கொண்ட காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, சாந்தை அதற்குள் இறக்கிப் பூட்ட வேண்டும். இறுகும்போது தரை தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். விளிம்பைப் பூட்டாவிட்டால் அங்கிருந்துதான் கிளம்பும். தூக்கிய துண்டை எடுத்துப் பார்த்தபோது 12 மி.மீ. இருக்க வேண்டிய காடி அங்கே 5 மி.மீ. மட்டுமே இருந்தது. போதாததற்கு அந்தப் பழைய சட்டமே தளர்ந்து, இயந்திரம் ஓடும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. முதல் தவறு அவர்களுடையது. இரண்டாவது, சட்டத்தை முன்கூட்டியே இறுக்காத எங்களுடையது. உத்தரவாதத்தில் செலவில்லாமல் வெட்டிச் சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் ஆள் வர நாற்பது நாள் ஆனது. பருவத்தின் உச்சத்தில் அந்த நாற்பது நாளும் நாங்கள் அந்த விளிம்பைத் தற்காலிகச் சாந்தால் அடைத்து அடைத்துக் காத்தோம். உத்தரவாதத் தாளில் எத்தனை ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருந்தது, எத்தனை நாளுக்குள் வருவார்கள் என்பது எங்குமே இல்லை.

இரண்டாவது, சி.ஐ.பி. பகுதியில் நைட்ரிக் அமிலப் பீப்பாய் வைக்கும் இடம். ஓட்டும் கரைசலின் செறிவுக்குத் தரை அசையவில்லை. ஆனால் பீப்பாயிலிருந்து குழாய் மாற்றும்போது சொட்டிய அடர் அமிலம் பட்ட இடம் பழுப்பாகி, நகத்தால் கீறினால் தூள் வரும் அளவுக்கு நைந்துவிட்டது. அடர் நைட்ரிக் அமிலம் எரிப்பது போல ஆக்சிஜனேற்றம் செய்வது. அதன் முன் இந்தப் பிசின் நிற்காது. பீப்பாய்க்கு அடியில் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைத்தோம், சிக்கல் தீர்ந்தது. பொருள் விற்பவர்கள் 'அமிலம் தாங்கும்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஏற்கக்கூடாது. எந்த அமிலம், எத்தனை விழுக்காடு, எத்தனை டிகிரிச் சூட்டில், எத்தனை மணி நேரம் என்று நான்கும் எழுதிய அட்டவணையைக் கையில் வாங்கிக்கொண்டு, நம் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பீப்பாயையும் அதோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது சிறியது. வெளிர்நிறம் கேட்டோம், வெயில் விழும் வாசலோரம் ஆறே மாதத்தில் மஞ்சளித்துவிட்டது. பலம் குறையவில்லை. செங்காவியோ சாம்பலோ கேட்டிருக்கலாம்.

தரை போட்டால் நீர்வாட்டமும் சரியாகிவிடும் என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். 6 மி.மீ. சாந்தில் வாட்டம் எடுக்க முடியாது. தேங்கும் பள்ளம் இருந்தால் அடியிலேயே நிரப்பி, 80 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கிலாவது வடிகாலை நோக்கிச் சரிவு எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கள் கூடத்தின் வடமூலையில் அதைச் செய்யாமல் விட்டோம். இன்றும் அங்கே ஒரு தாம்பாள அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அதேபோல, சுவரும் தரையும் சேரும் இடத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு வளைவாக ஏற்றிப் பூசுவது விலைப்பட்டியலில் தனியாக எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதப்படாமலே விடுபட்டிருக்கும். எங்களுக்கு விடுபட்டிருந்தது; கேட்டுச் சேர்த்தோம். நேர் மூலையில் கூழ் தங்கும், வளைவில் தங்காது.

விலை அன்றைக்கு 6 மி.மீ. கனத்துக்குச் சதுர அடிக்கு 230 ரூபாய், வரி தனி. எங்களுக்குக் கிடைத்த எபாக்சி விலையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆண்டுதோறும் கொத்திப் பூசிய சிமெண்ட், கூலி, அதற்காக ஆலை நின்ற நாட்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், எங்கள் கணக்கில் நான்காம் பருவத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே நிறுவனத்திடம் கழிவுநீர்த் தொட்டியின் வேலையையும் கொடுத்தோம். அங்கே பாலியூரித்தேன் கான்கிரீட் வேண்டாம் என்று அவர்களே சொன்னது அவர்கள் நேர்மைக்குச் சான்று. தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கீழே கான்கிரீட் நன்றாகத்தான் இருந்தது. மேலே, காற்று இருக்கும் பகுதியில்தான் சுவர் வெண்ணிறக் களி போலாகி, தேக்கரண்டியால் வழித்தெடுக்கும் நிலையில் இருந்தது. காற்றில்லாத கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரச் சுவரில் படிய, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்க, அது சிமெண்டை ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. வழித்தெடுத்து, புதுச் சாந்து பூசி, கண்ணாடி இழை வைத்து வினைல் எஸ்டர் பிசின் பூசினார்கள். மூன்று நாள் அதன் வாடை தாங்கமுடியாததாக இருந்தது. உள்ளே இறங்கியவர்களுக்கு காற்று ஊதியும் முகமூடியும் கொடுத்து, வெளியே ஓர் ஆளை நிறுத்தியே வேலை செய்தார்கள். இரண்டு ஆண்டாக அந்தச் சுவரில் ஒரு புள்ளியும் இல்லை.

ஓசூரில் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் எங்கள் தரையைப் பார்த்துவிட்டு அதையே போடலாமா என்று கேட்டார். குரோமிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சிந்தும் இடத்துக்கு இது ஏற்றதன்று என்று சொல்லி, அமிலம் தாங்கும் செங்கல்லைப் பிசின் சாந்தில் பதிக்கும் வேலை தெரிந்தவர்களிடம் அனுப்பினேன். பால், பழம், குளிர்பானம், இறைச்சி என்று வெந்நீரும் மென்மையான அமிலங்களும் சேர்ந்து கொட்டும் இடங்களுக்கு மட்டும், நான் பார்த்தவரை, இதைவிடப் பொருத்தமான தரை இல்லை.

வரும் பிப்ரவரியில் பழம் கழுவும் பகுதியின் 900 சதுர அடிக்கும் இதையே, அதே நிறுவனத்திடமே கொடுத்திருக்கிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கூடியிருக்கின்றன: ஒவ்வொரு விளிம்புக் காடியையும் சாந்து இறக்கும் முன் எங்கள் ஆள் அளந்து கையெழுத்திட வேண்டும், 500 சதுர அடிக்கு ஓர் ஒட்டுவலிமைச் சோதனை செய்ய வேண்டும், பருவ நாட்களில் பழுது என்று சொன்னால் ஏழு நாளுக்குள் ஆள் வர வேண்டும். மூன்றாவது வரிக்கு மட்டும் சற்றுத் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். தளர்ந்த வடிகால் சட்டங்களைப் பொங்கலுக்கு முன்பே மாற்றி இறுக்கும் வேலையை எங்கள் பட்டறை எடுத்துக்கொண்டிருக்கிறது.